நன்னடத்தைப் பிணை: தவளக்குப்பத்திலிருந்து ஒரு மறுப்பு

“திருடுனவனைக் கோர்ட்டே சும்மா விட்டுடுச்சு” என்பது புதுச்சேரியின் தவளக்குப்பம் சந்திப்பு டீக்கடைகளில் சாதாரணமாகக் கேட்கிற பேச்சு. “ஒழுங்கா இருக்கிற பிள்ளைக்கே வேலை இல்ல, இவனுக்கு எதுக்கு உதவி?” என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டையுமே நான் ஏற்கவில்லை.

சிறைக்கு அனுப்பாமல் பத்திரம் எழுதி வாங்கி விடுவிக்கும் நன்னடத்தைப் பிணை, சும்மா விடுவது அல்ல. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களில் இந்தப் பிணையை அனுமதிப்பதில்லை. மற்றவற்றிலும் குற்றம் நிரூபணமான பிறகுதான் பத்திரம் எழுதி வாங்குவார்கள். அது 3 ஆண்டு வரை கழுத்தில் தொங்கும். மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். இழப்பீடு கட்டச் சொல்லவும் 5-ஆம் பிரிவில் இடம் உண்டு. ஒரு சைக்கிளைத் திருடியவனைக் காலாப்பட்டுச் சிறையில் ஆறு மாதம் அடைத்தால், அதைப் பறிகொடுத்தவருக்கு என்ன கிடைக்கும்?

இது வெறும் நீதிபதியின் தயவு என்பதும் சரியல்ல. ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில், 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற்று, காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்கிறது 6-ஆம் பிரிவு.

உதவி எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். பிணையில் இருப்பவருக்கு வேலை கிடைக்க முயல்வது அலுவலரின் கடமை என்று 14-ஆம் பிரிவே சொல்கிறது. காரணம் எளிது. கட்டட வேலைக்குப் போகும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி காலையில்தான் ஆள் எடுப்பார். அந்த நேரத்தில் இவன் கடலூர் சாலையில் பஸ் ஏறி, அலுவலரைப் பார்க்க நகரத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. இரண்டு முறை இப்படி நடந்தால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார். கூலி நின்றால் இழப்பீட்டுத் தவணை நிற்கும், அதோடு பத்திரத்தை மீறியதாகவும் ஆகலாம். புதிதாக எந்தத் தவறும் செய்யாமலே சிறை வாசலுக்கு வந்துவிடுவான்.

குடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடலாம். ஆனால் சாராயக்கடையும் ஒயின்ஷாப்பும் நிறைந்த புதுச்சேரியில், சிகிச்சை இல்லாமல் அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம்! சிகிச்சைக்குப் போக வேண்டிய ஜிப்மர் மருத்துவமனையோ ஊரின் மறுமுனையில், கோரிமேட்டில் இருக்கிறது. அதற்கும் ஒரு நாள் கூலி போகும்.

ஒழுங்கான பிள்ளையின் வேலையை யாரும் பிடுங்கவில்லை. தண்டனையால் வரும் தகுதியிழப்பு பிணையில் விடப்பட்டவரைத் தாக்கக் கூடாது என்று மட்டும்தான் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அது குற்றத் தீர்ப்பை அழித்துவிடுவதில்லை, துறை நடவடிக்கையைத் தடுப்பதுமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவ்வளவு குறுகலான பாதுகாப்பைக்கூடச் சலுகை என்று பழிப்பது கொடுமை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ரூ.5,000-க்குக் குறைவான பொருளைத் திருடி முதல்முறை தண்டிக்கப்படுபவர், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. இனி இப்படிப்பட்டவர்கள் நம் தெருக்களில்தான் இருப்பார்கள். அதனால் பிணையில் இருப்பவர்களுக்காக அரியாங்குப்பம் கொம்யூன் அலுவலகத்தில் வாரம் ஒரு மாலை நன்னடத்தை அலுவலர் உட்காரட்டும். வேலை முடிந்து வருகிறவர்கள் கூலியை இழக்காமல் கையெழுத்துப் போடுவார்கள், தவணையும் தவறாது.