அஞ்சல் கணினிக்கு ஏற்ற இயங்குதளம் எது?

பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே நடைபெறும் கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி இன்று மின்னஞ்சல் வழியே நடக்கிறது. விடுதி மாணவியின் விடுப்பு விண்ணப்பம், மருத்துவர் சான்று, கட்டண விவரம், கல்லூரிச் சேர்க்கைக்கு அனுப்பும் மதிப்பெண் பட்டியல் என்று எத்தனையோ கடிதங்கள்! இவற்றில் ஒன்று தவறினாலும் ஒரு பெண்ணின் படிப்பே ஓராண்டு தள்ளிப்போகக் கூடும். ஆதலால், சொந்தமாக ஓர் அஞ்சல் கணினி வைத்துக்கொள்ள எண்ணும் பள்ளி, அதில் எந்த இயங்குதளத்தை அமைப்பது என்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது அவசியம். இது கடைக்காரர் சொல்லைக் கேட்டு முடிவு செய்யும் காரியமன்று.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை நிரலே இயங்குதளம். அதன்மேல் அமர்ந்து கடிதங்களை வாங்கி, பிரித்து, அனுப்புவது அஞ்சல் நிரல். நம் மலை ரயிலை எண்ணிப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பூண்ட நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. குன்னூருக்கு மேல் உதகை வரை டீசல் எஞ்சின் போதுமானதாக இருக்கிறது. எந்த எஞ்சின் உயர்ந்தது என்று எவரும் சண்டையிடுவதில்லை. எந்தப் பாதைக்கு எது ஏற்றது என்பதே கேள்வி. இயங்குதளத்தையும் அவ்வாறே நோக்குவோம்.

1971-இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் வலைப்பின்னல் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பியபோது, அக்கணினிகள் டெனெக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடின. நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கு பெற்றது. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15 அன்று. இன்று அஞ்சல் கணினிக்குரிய இயங்குதளங்கள் மூவகை எனலாம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வரும் அதன்மேல் ஓடும் எக்ஸ்சேஞ்சும் ஒரு வகை. லினக்ஸ் குடும்பம் மற்றொரு வகை. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்றவை மூன்றாம் வகை. முதலாவதற்கு உரிமக் கட்டணம் உண்டு. பயன்படுத்துவோர் கணக்கிலும் தனியே உரிமம் வாங்க வேண்டும். ஏனைய இரண்டிற்கும் உரிமக் கட்டணம் இல்லை. அவற்றின் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம்.

கட்டணம் இல்லை என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா? கூடாது. கன்றுக்குட்டி இலவசமாகக் கிடைத்தாலும் புல்லுக்குச் செலவுண்டு அன்றோ? நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, இந்த இயங்குதளத்திற்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்? சென்ட்ஓஎஸ் 8 என்னும் லினக்ஸ் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பிப் பலர் அதனை நிறுவினர். 2020 டிசம்பரில் திடீரென்று அறிவிப்பு வந்தது. 2021 டிசம்பர் 31-உடன் அது நின்றுபோயிற்று. மறுபுறம், எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிவுற்றது. ஒரே நிறுவனத்தின் விருப்பத்தில் தொங்கும் பொருள், விலை கொடுத்து வாங்கியதாயினும் இலவசமாகப் பெற்றதாயினும், அந்நிறுவனம் கயிற்றை விட்டால் விழுந்துவிடும் என்பதற்கு இவையே சான்று. டெபியன் லினக்ஸ் அத்தகையதன்று. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய அதனை உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் பேணி வருகின்றனர். ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு திருத்தங்கள் கிடைக்கின்றன. அதன் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளிவந்தது.

இரண்டாவது, திருடர் புகாமல் காப்பதற்கு எளிதா? இதில் எவரும் மார்தட்ட இயலாது. 1988 நவம்பரில் பரவிய மாரிஸ் புழு, யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலின் ஓட்டை வழியேயும் நுழைந்தது. 2021-இல் எக்ஸ்சேஞ்ச் கணினிகள் உலகெங்கும் தாக்கப்பட்டன. 2019-இல் லினக்ஸில் பரவலாக ஓடும் எக்ஸிம் நிரலிலும் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஓட்டையே இல்லாத கூரை இல்லை. மழைக்குமுன் அடைக்கிறோமா என்பதே பேச்சு. திருத்தம் வந்த அன்றே அதனை நிறுவுவதற்கு ஆள் வேண்டும். தேவையற்ற கதவுகளை மூடி வைக்க வேண்டும். அஞ்சல் கணினியில் அஞ்சலைத் தவிர வேறெதுவும் ஓடலாகாது.

மூன்றாவது, நம் மலைக்கு அது தாங்குமா? 2009 நவம்பரில் பெய்த பெருமழையும் மண்சரிவும் நீலகிரி மக்களுக்கு மறக்கவொண்ணாதவை. காற்றில் ஒரு யூகலிப்டஸ் கிளை முறிந்து கம்பியில் விழுந்தாலும் மின்சாரம் போய்விடும். நற்செய்தி யாதெனில், மின்னஞ்சல் முறையே பொறுமையுள்ளது. நம் கணினி பதில் தராவிடில், அனுப்பும் கணினி கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாள் வரை காத்திருப்பது பொது வழக்கம். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற நல்ல அஞ்சல் நிரல், கடிதத்தை வட்டில் எழுதி முடித்த பின்னரே "பெற்றுக்கொண்டேன்" என்று சொல்லும். இவ்வகையில் இன்றைய இயங்குதளங்கள் எல்லாமே தேறிவிடும். எனினும் நல்லதொரு யு.பி.எஸ்.ஸும், வேறு கட்டடத்தில் வைத்த ஒரு நகலும் இல்லாவிடில் எந்த இயங்குதளமும் நம்மைக் காப்பாற்றாது.

லினக்ஸ் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 2006, 2007 ஆண்டுகளில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், அப்போதைய மேலாண்மை இயக்குநர் திரு. சி. உமாசங்கர் அவர்களின் முயற்சியால், சூசே லினக்ஸுக்கு மாறியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. கூடலூரைத் தாண்டினால் கேரளம். அங்குள்ள அரசுப் பள்ளிகளில் மாணவ மாணவியர் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி பயில்கின்றனர்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? கூகுள் பள்ளிகளுக்கு இலவசமாகவே தருகிறதே!" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கணினியைப் பேணுவதற்கு ஒருவரும் இல்லாத பள்ளிக்கு அதுவே நல்ல வழி; கவனிப்பாரற்ற சொந்தக் கணினியைவிட அது பாதுகாப்பானது. மத்திய அரசே 2025-இல் தன் ஊழியர் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மின்னஞ்சலைத் தமிழகத்தைச் சேர்ந்த ஜோஹோவின் தளத்திற்கு மாற்றியது. ஆனால் பிறர் வீட்டில் குடியிருப்பவர் வீட்டுக்காரரின் விதிகளுக்கு உட்பட வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு அளவற்ற இடம் தந்துவந்த கூகுள், 2022-இல் அதற்கு வரம்பு விதித்தது. சிறு பெண்களைப் பற்றிய மருத்துவக் குறிப்பும் குடும்பச் செய்தியும் எங்கே இருக்கின்றன என்பதைப் பள்ளி அறிந்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோர் தரவுக்குத் தனிக் கவனம் கோருகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். பொறுப்பேற்க இருவராவது கிடைப்பின், டெபியனை நிறுவுங்கள். அதன்மேல் போஸ்ட்ஃபிக்ஸை அமையுங்கள். ஓப்பன்பிஎஸ்டியும் மிகச் சிறந்ததே. ஆயினும் ஆறு மாதத்திற்கொரு புதுப் பதிப்பு வரும் அதனைத் தொடர்ந்து புதுப்பிக்க நேரமும் பழக்கமும் வேண்டும். லினக்ஸ் அறிந்தவர் கோவையிலும் உண்டு, குன்னூரிலும் உண்டு. ஐயம் வந்தால் கேட்பதற்கு ஆள் கிடைப்பதே பெரும் பலம். ஒருவர் மட்டும் பொறுப்பேற்றால் போதாது. அவர் மாற்றலாகிப் போனால் கணினி அநாதையாகிவிடும். செய்த வேலை ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி அலுவலகத்தில் வைத்தல் வேண்டும்.

அவ்விருவருக்கும் துணையாக மேல் வகுப்பு மாணவியர் சிலரைப் பழக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அவர்களுக்குக் கடிதங்களைப் படிக்கும் உரிமை வேண்டாம். பழைய கணினியொன்றில் நிறுவவும் திருத்தவும் மீட்கவும் பயிலட்டும். இது ஆண்களின் வேலை என்று எண்ணும் பெற்றோருக்கு ஒரு செய்தி: அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியை எவி நெமத் முதன்மை ஆசிரியராக இருந்து எழுதிய யூனிக்ஸ் நிர்வாகக் கையேடு 1989-இல் வெளிவந்தது. அதனைப் படித்துத் தொழில் கற்ற ஆண்கள் உலகெங்கும் ஏராளம்!

தோழியரே, கணினியைப் பயன்படுத்துவோர் கோடிப் பேர். அதனைப் பேணத் தெரிந்தவர் சிலரே. அச்சிலரில் நீங்களும் ஒருவராகுங்கள்.