கையேடு கைவசமே உள்ளது

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு அங்கத்தினர் அனைவருக்கும் பொதுவானது. அக்கணக்கு இன்று பல சங்கங்களில் கணிப்பொறியில் எழுதப்படுகிறது. ஒருவர் மட்டுமே அறிந்த இயந்திரம், அவர் வாராத நாளில் சங்கத்தையே நிறுத்திவிடும். நூல் இருப்பும் விளைபொருள் வரவும் பதிவாகா; நெசவுக் கூலிப் பட்டுவாடா தள்ளிப்போகும். ஆதலின், இயந்திரத்தை விளக்கும் ஏடுகள் அங்கத்தினருக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதே நமது கொள்கை.

லினக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் அவ்வேடுகள் உள்ளேயே இருக்கின்றன. சிடாக் நிறுவனத்தின் 'பாஸ்' அமைப்பும், அதற்கு மூலமாகிய டெபியனும் இவ்வகையின. இவற்றில் மென்பொருள்கள் 'பொதி'களாக வந்து சேருகின்றன. நூற்கட்டுடன் நம்பர் குறித்த சீட்டு வருவது போல, பொதியுடன் அதன் விவரமும் வருகிறது.

முனையத்தைத் திறந்து, 'மேன்' என ஆங்கிலத்தில் தட்டெழுதி, இடம் விட்டுக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் கையேட்டுப் பக்கம் தோன்றும். 1971ஆம் ஆண்டின் யூனிக்ஸ் கையேட்டிலிருந்து தொடர்ந்து வரும் மரபு இது. கட்டளையின் பெயர் தெரியாவிடில், 'அப்ரோபோஸ்' என்பதுடன் தேடும் பொருளுக்குரிய ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக் கேட்கலாம். மேலும், 'யூஎஸ்ஆர்' அடைவினுள் 'ஷேர்', அதனுள் 'டாக்' என்று சென்றால், பொதிகளின் பெயரில் தனித்தனி அடைவுகள் இருக்கும். உரிம விவரமும் மாறுதற் குறிப்புகளும் அங்கே கிடைக்கும். பெரிய வழிகாட்டிகள் சில தனிப் பொதிகளாக உள்ளன. கணக்கெழுதும் 'குனுகேஷ்' மென்பொருளின் வழிகாட்டி 'குனுகேஷ் டாக்ஸ்' என்ற பொதியில் இருக்கிறது. அதை முன்னரே நிறுவிக்கொண்டால், மழையில் இணைய இணைப்பு அறுந்தாலும் நூல் கையில் இருக்கும்.

இணையத்தில் தேடுவது எளிதன்றோ எனச் சிலர் வினவலாம். அங்குக் கிடைக்கும் யோசனை வேறொரு பதிப்புக்கு உரியதாக இருக்கக்கூடும். பொதியுடன் வந்த ஏடோ நம்மிடமுள்ள பதிப்புக்கே உரியது.

எனினும் ஒரு குறை உண்டு. பிரெஞ்சு ஆட்சி 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று நம் நகரை விட்டு நீங்கியது. ஆயினும், கையேட்டுப் பக்கங்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு டெபியனில் தனிப் பொதியாகவே கிடைக்கிறது. தமிழில் அத்தகைய பொதி இல்லை. பிரெஞ்சு கற்றவருக்குத் திறக்கும் ஏடு, தமிழ் மட்டும் கற்ற நெசவாளருக்கும் விவசாயிக்கும் திறப்பதில்லை.

இக்குறையை நாமே நீக்கலாம். இப்பக்கங்களை மொழிபெயர்த்துப் பரப்ப அவற்றின் உரிமங்களே இடந்தருகின்றன. மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கையில் இம்முயற்சி வீண் என்பார்க்கு நமது விடை இது: கோப்பைப் படியெடுத்தல், பெயர் மாற்றுதல் போன்ற அடிப்படைக் கட்டளைகள் பல்லாண்டுகளாக அதே பெயருடன் வழங்கி வருகின்றன. சங்கம் ஒவ்வொன்றும் அன்றாடம் வேண்டும் பத்துப் பக்கங்களையேனும் தெளிந்த தமிழில் எழுதி, அலுவலகத்தில் வைத்து, அண்டைச் சங்கங்களுக்கும் அளிக்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் நிர்வாகிகள் இதனை ஒரு பொருளாகச் சேர்த்து ஆவன செய்வார்களாக.