இரவலும் மரபும்

பிறநாட்டு முறையை ஏற்குங் கலை தன் தூய்மையை இழந்துவிடும் என்பார் பலர். அக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதை அறிதற்கு யப்பானியரின் மரக்கட்டை அச்சுச் சித்திரங்கள் தக்க சான்றாகும். நிறந்தோறும் ஒரு பலகை செதுக்கி அச்சிடப்பெற்ற இச்சித்திரங்களை எடோ நகரத்துப் பொதுமக்கள் சிறுவிலைக்கு வாங்கி மகிழ்ந்தனர்.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் இருநூறு ஆண்டுகளாக, ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மாத்திரமே யப்பானில் வாணிகஞ் செய்யலாயினர். அவரும் நாகசாக்கித் துறையிலுள்ள தேஷிமா என்னுஞ் சிறுதீவுக்குள் அடங்கியிருந்தனர். 1720இல் மேனாட்டு நூல்கள் மீதிருந்த தடை தளர்ந்தது. தூரத்துப் பொருள்களைச் சிறுக்கச் செய்து, கோடுகளை ஒரு புள்ளியிற் குவிக்கும் மேனாட்டு முறை, ஒல்லாந்தர் வழியாகவும் சீனர் வழியாகவும் அந்நாட்டை அடைந்தது. 1740ஆம் ஆண்டளவில் ஒக்குமுரா மசனோபு நாடக அரங்குகளின் உட்புறத்தை அம்முறையில் வரைந்தார். அவற்றிலே கற்ற வித்தையே முன்னிற்கின்றது, கலை பின்னிற்கின்றது.

ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் சென்றபின், 1831ஆம் ஆண்டளவில், எழுபது வயதெய்திய ஹொக்குசாய் கனகாவாப் பேரலைச் சித்திரத்தை வரைந்தார். அதன் ஆழ்ந்த நீலம் பேர்லினிலே கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலமாகும். பேரலையின் கீழே பூஜி மலை சிறுத்துத் தோன்றுவதும் மேனாட்டார் முறையைத் தழுவியதே. எனினும் அதனை ஐரோப்பியச் சித்திரமென யார் கூறுவர்? அங்கு உருவங்களை ஆள்வது கோடே. வரைவோர், செதுக்குவோர், அச்சிடுவோர், வெளியிடுவோர் என்னும் நால்வர் கூட்டுழைப்பும், கையால் தேய்த்துக் காகிதத்திற் பதிக்குந் தொழிலும் சிறிதும் மாறவில்லை.

அம்மரபுக்கு ஊறு நேர்ந்தது வேறு வழியாலாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே புகைப்படமும் கல்லச்சும் செய்தித்தாளும் பெருகவே, மரக்கட்டைச் சித்திரங்களை வாங்குவோர் குறைந்தனர். செதுக்குவோர் தொழிலும் நலிந்தது. அயல்நாட்டு நீலம் செய்யாத கேட்டை ஆதரவின்மை செய்தது. இக்காலத்திலேயே, 1887இல், பாரிஸ் நகரில் வாழ்ந்த வின்சென்ற் வான் கோ, ஹிரோஷிகே வரைந்த பாலத்து மழைக்காட்சியை எண்ணெய் வர்ணத்திற் பிரதி செய்து பயின்றார். கடன் பெற்றோரிடம் கடன் கொடுத்தோரே மாணாக்கராயினர்.

ஆதலின், மரபைப் பேண விரும்புவோர் அயல் முறைகளுக்குக் கதவடைப்பதிலே தம் ஆற்றலைச் செலவிடல் வேண்டா. கைவினைஞரின் ஆக்கங்களை விலைகொடுத்து வாங்குதலும், அவர்தம் தொழிலில் இளையோரைப் பயிற்றுதலும் செய்வாராயின், இரவற் பொருளையுந் தன்னதாக்கிக் கொள்ளும் வலிமை அக்கலைக்குத் தானே உண்டாகும்.