இருமல் மருந்தோடு இரண்டு நிமிஷம்!

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி... எங்கே கேட்டாலும் பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் சொல்லும் சாக்கு ஒன்றுதான். "குளிருதுங்க!"

இது வெறும் பிரமை! நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. விரல் நுனிக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. கை இன்னும் சில்லிடும். ஊட்டி இருப்பதோ 7 ஆயிரம் அடிக்கு மேலே. கடலோர ஊர்களைவிட மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு ஏறத்தாழ கால் பங்கு குறைவு. இருப்பதையும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு தட்டிப் பறிக்கிறது. மேடு ஏறினால் இரைக்காமல் என்ன செய்யும்?

இதை யார் சொல்வது? பெண்டாட்டி சொன்னால் சண்டை. மேஸ்திரி சொன்னால் கோபம். டாக்டர் சொன்னால் காதில் ஏறும்!

ஆனால் சொல்கிறார்களா? 2016-17-ல் இந்தியா முழுவதும் புகையிலை பற்றி ஒரு சர்வே நடந்தது. டாக்டரிடம் போய் வந்த புகைபிடிப்பவர்களில் 48.8 சதவீதம் பேருக்குத்தான் "விட்டுவிடுங்கள்" என்ற புத்திமதி கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு மருந்துச் சீட்டோடு சரி!

நேரம் எங்கே?

"கூட்டம் நெரியுது, பேச நேரம் ஏது?" என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அதிக நேரம் தேவையில்லை. லண்டனில் 28 டாக்டர்களிடம் வந்த நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1979-ல் வெளியானது. ஓரிரு நிமிஷம் புத்திமதி, கையில் ஒரு துண்டுப் பிரசுரம், "மறுபடி விசாரிப்போம்" என்று ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான்! ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் 100-க்கு 5 பேர் விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் 1,000-க்கு 3 பேர்தான்.

வெறும் 5 பேரா என்று நினைக்க வேண்டாம். ஓ.பி. சீட்டுக்கு நிற்கும் வரிசையை வருஷம் முழுக்க எண்ணிப் பார்த்தால் தெரியும்.

எஸ்டேட் டாக்டருக்கு இன்னும் வசதி. லைன் வீட்டுக்காரர் அடுத்த காய்ச்சலுக்கும் அவரிடம்தானே வரவேண்டும்!

செய்ய வேண்டியது இதுதான். "பீடி உண்டா?" என்று கேட்டு, சீட்டில் குறிக்க வேண்டும். விடும் தேதியை நோயாளி வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். முதல் சில நாள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பிறகு அடங்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் நிகோடின் சூயிங்கம் தரலாம். 1800-11-2356 என்ற இலவச போன் நம்பரையும் எழுதிக் கொடுக்கலாம். அடுத்த தடவை மறக்காமல் விசாரிக்க வேண்டும். மறுபடி பிடித்திருந்தால் திட்டக் கூடாது. புதுத் தேதி குறிக்க வேண்டும்.

இருமல் மருந்து ஒரு வாரத்துக்கு. இந்த இரண்டு நிமிஷம் ஆயுசுக்கும்!