வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும்!
குற்றால அருவிகளில் மறைந்திருக்கும் அபாயம்

குற்றாலம் என்றதும் சாரலும் குளியலும்தான் நினைவுக்கு வரும். தென்காசியில் ரெயிலை விட்டு இறங்கும் குடும்பங்கள், எப்போது அருவிக்குப் போவோம் என்றுதான் துடிக்கும். ஆபத்தைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

2024-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி. பள்ளிக்கூட விடுமுறைக் காலம். பழைய குற்றால அருவியில் பலர் ஆனந்தமாகக் குளித்துக்கொண்டு இருந்தார்கள். திடீர் என்று வெள்ளம் பாய்ந்து வந்தது. எல்லோரும் அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள். நெல்லையில் இருந்து வந்திருந்த 17 வயது மாணவன் ஒருவனை வெள்ளம் இழுத்துச் சென்றுவிட்டது. அவனைப் பிணமாகத்தான் மீட்க முடிந்தது.

குற்றாலத்தில் சீசன் ஜூன் மாதம்தான் தொடங்கும். இது மே மாதத்துக் கோடை மழை செய்த வேலை. சீசன் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

மழை மேலே, வெள்ளம் கீழே

அருவியில் விழும் தண்ணீர் அங்கேயே பெய்த மழை அல்ல. மேலே, காட்டுக்குள், பல ஓடைகளில் ஓடி ஒன்று சேர்ந்து வரும் தண்ணீர் அது. மேலே மேகம் திரண்டு கொட்டினாலும், கீழே நல்ல வெயில் அடிக்கலாம். குளிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

முதல் மழையை மண் குடித்துவிடும். தொடர்ந்து பெய்தால் மண் நிறைந்துவிடும். பிறகு விழும் மழை அப்படியே ஓடி வரும். மலையோ செங்குத்து; வழியோ வெறும் பாறை. தண்ணீர் தங்குவதற்கு இடம் ஏது? வரும்போது கல்லையும் கட்டையையும் உருட்டிக்கொண்டு வரும். அந்தக் கல்லும் ஆளைக் கொல்லும்.

பேரருவியின் நடுவே "பொங்குமாங்கடல்" என்ற பள்ளம் இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து கீழே வருகிறது. அதனால்தான் அருவிக்கு அடியில் நின்று குளிக்க முடிகிறது. ஆனால், பெருவெள்ளத்தின் வேகத்தை அந்தப் பள்ளமும் தாங்காது.

பனிமலையிலும் இதே கதை

இமயமலையில் பழைய பனியின் மேல் புதுப்பனி கொட்டும். இடையில் உள்ள ஒரு படலம் பலம் இழந்ததும், மலைச் சரிவில் உள்ள பனி பெயர்ந்து சரியும். 2016-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி சியாச்சினில் பனி சரிந்தது. காவலில் இருந்த மெட்ராஸ் ரெஜிமெண்டு வீரர்கள் 10 பேரைப் பலி கொண்டது. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

அங்கே பனி, இங்கே தண்ணீர். இரண்டிலும் ஆபத்து உருவாவது மேலே. சாவது கீழே நிற்பவர்கள்.

ஆகவே எச்சரிக்கையும் மேலே இருந்துதான் வர வேண்டும். மலைக்குள் ஓடையில் தண்ணீர் ஏறும்போதே கீழே அபாயச் சங்கு ஒலிக்க வேண்டும். அருவிக்கரையில் நிற்கும் போலீஸ்காரரின் கண்ணை மட்டும் நம்பி இருப்பது போதாது. அவர் வெள்ளத்தைப் பார்க்கும்போது வெள்ளம் வந்துவிட்டது என்று அர்த்தம்!

தடை போட்டால் கோபமா?

"இவ்வளவு தூரம் செலவு செய்து வந்தோமே, குளிக்க விடக் கூடாதா?" என்று போலீசாரிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு. வருத்தம் நியாயம்தான். சண்டை நியாயம் அல்ல. வானிலை நிலையம் தென்காசி மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை கொடுத்திருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

தெளிந்த தண்ணீர் திடீர் என்று கலங்குகிறதா? இலையும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? இரைச்சல் கூடுகிறதா? சிறு கற்கள் விழுகின்றனவா? உடனே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். தண்ணீர் போகும் பாதையில் ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏற வேண்டும். செருப்பையும் துணிப்பையையும் எடுக்கத் திரும்பி வரக் கூடாது.