நெல்லியை வெட்டாதீங்க சாமிகளா!

ஒரகடம் கம்பெனி வேலைக்கு வந்து வாலாஜாபாத் பக்கம் சின்னதா மனை வாங்கி வீடு கட்டினவங்க பலர், வாசல்ல ஒரு பெருநெல்லி ஒட்டுக் கன்னு வச்சிருக்காங்க. அஞ்சாறு வருஷம் ஆகியும் பூ மட்டும்தான், காய் இல்லைன்னா, "அது ஆண் மரம், வெட்டிடு"ன்னு தெருவே தீர்ப்பு சொல்லிடும்.

இது அநியாயம்ங்க. பெருநெல்லியில் ஆண் மரம், பெண் மரம்னு தனித்தனியா கிடையாது. ஒரே கொப்புல அடிப்பக்கம் கொத்துக் கொத்தா ஆண் பூ, நுனிப்பக்கம் கொஞ்சூண்டு பெண் பூ. சிக்கல் என்னன்னா, சொந்த மகரந்தம் அதுக்குச் சரியா சேராது. தெரு முழுக்க என்.ஏ.7 வச்சாலும் பிரயோஜனம் கம்மிதான். எல்லாம் ஒரே மரத்தோட நகல். அதனாலதான் தோப்பு போடுறவங்க காஞ்சன், கிருஷ்ணா, பவானிசாகர்ல வந்த பி.எஸ்.ஆர்.1னு ரகம் கலந்து நடுறாங்க.

இன்னொண்ணு. இலை கொட்டி, புதுத் துளிரோட பூ வரும்போது மரம் சாகுதுன்னு பதறி தண்ணியும் யூரியாவும் கொட்டாதீங்க. பிஞ்சு பிடிச்சப்புறம் தண்ணி விட்டா போதும். பூ நேரத்துல பூச்சி மருந்தும் வேணாம், தேனீ வரட்டும். கொட்டை முளைச்சு வந்த மரம்னா ஏழெட்டு வருஷம் பொறுக்கத்தான் வேணும்.

ரெண்டு மரத்துக்கு இடம் இல்லையா? மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ரகம், அந்தப் பக்கம் வேற ரகம். காய் ரெண்டு வீட்டுக்கும். அரிவாளை எடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு காலிங் பெல்லை அழுத்திப் பாருங்க. என்ன சொல்றீங்க?