எட்டு மில்லிமீட்டருக்குள்ளே எவ்வளவு வெளிச்சம் புகும்?

புது ஃபோன் வாங்கப் போறீங்களா? கடையில எதை முதல்ல பார்ப்பீங்க? 200 மெகாபிக்சல், 100 மடங்கு ஜூம், தியேட்டர் சவுண்ட், மாசத் தவணை எவ்வளவு... இதைத்தானே? என்னைக் கேட்டா, முதல்ல பார்க்க வேண்டியது யாரும் பார்க்காத ஓர் எண்: ஃபோனின் தடிமன். கேமராவுக்கும் ஸ்பீக்கருக்கும் எல்லை போடுவது அதுதான். அந்த எல்லை தெரியாம, வெறும் ஸ்டிக்கர் எண்ணுக்காக ஒரு வருஷம் தவணை கட்டுறது வீண் என்பது என் கட்சி.

இதைப் பேச ஓசூரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. நம்ம வட்டாரத்துல டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில ஐபோனுக்கான உறைகள் தயாராகின்றன. கேமராவும் ஸ்பீக்கரும் குடியிருக்கப் போகும் வீட்டின் சுவர் இங்கேதான் எழும்புது. இன்னொரு பக்கம், மெல்லிய பொருள் செய்வதில் ஓசூருக்குப் பழைய பெருமையும் உண்டு. 2002ல் வந்த டைட்டன் எட்ஜ் கைக்கடிகாரத்தின் மொத்தத் தடிமனே 3.5 மி.மீ.தான், உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மி.மீ.

கடிகாரம் மெலிஞ்சா நேரம் கெடாது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்தா போதும், வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. கேமராவுக்கு வெளியிலிருந்து வெளிச்சம் வரணும். ஸ்பீக்கர் வெளியே இருக்கும் காற்றைத் தள்ளணும். ரெண்டுக்கும் இடம் வேணும். அதனால கடிகாரத்துல ஜெயிச்ச மெலிவு, கேமராவுல ஜெயிக்காது.

கணக்காவே பார்ப்போம். 2023ல் வந்த சாம்சங் எஸ்23 அல்ட்ராவில் 200 மெகாபிக்சல் சென்சார். ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான். லென்ஸ் எஃப்/1.7. ஒரு புள்ளி வெளிச்சம் எந்த லென்ஸ் வழியா போனாலும் புள்ளியா விழாது. விளிம்பு விளைவால ஒரு சின்ன வட்டமா பரவும். முதலாமாண்டு இயற்பியல்ல படிச்ச ஏரி வட்டம்தான் அது. விட்டம் = 2.44 × அலைநீளம் × எஃப் எண். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் போட்டா 2.3 மைக்ரான் வருது. அதாவது, குறையே இல்லாத லென்ஸ் வெச்சாலும் ஒரு புள்ளி கிட்டத்தட்ட நாலு பிக்சல் அகலத்துக்குப் பரவிடும். அந்த ஃபோனும் சாதாரணமா 16 பிக்சல்களை ஒண்ணா சேர்த்து 12 மெகாபிக்சல் படமாத்தான் தருது. விளம்பரத்துல 200, கேலரியில 12!

அடுத்தது இரைச்சல். வெளிச்சம் ஃபோட்டான்களா வருது. எண்ணிக்கை N என்றால் அதன் ஏற்ற இறக்கம் √N. ஒரு பிக்சலுக்கு 10,000 ஃபோட்டான் கிடைச்சா பிசிறு 1 சதவீதம். இருட்டு மேடையில 100 மட்டும் கிடைச்சா 10 சதவீதம். இதை எந்த ஆப் அப்டேட்டும் மாத்தாது. அந்த ஃபோனோட சென்சார் பரப்பு சுமார் 72 சதுர மி.மீ. சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சார் சுமார் 366 சதுர மி.மீ., கிட்டத்தட்ட 5 மடங்கு. டிஎஸ்எல்ஆரோட வரும் சாதா ஜூம் லென்ஸ் போட்டா இந்த வித்தியாசம் பெரும்பாலும் போயிடும், ஏன்னா அந்த லென்ஸின் திறப்பு சின்னது. எஃப்/1.8 லென்ஸ் ஒண்ணு மாட்டிப் பாருங்க, அப்போ தெரியும் சங்கதி.

"நைட் மோட் இருக்கே" என்பீங்க. இருக்கு, அருமையான விஷயம்தான். பல படங்களை அடுக்கி வெளிச்சத்தைச் சேர்க்குது. சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலை ராத்திரி எடுங்க, பளிச்சுனு வரும், ஏன்னா மலை நகராது. கல்ச்சுரல்ஸ்ல பறை அடிக்கிற பசங்களை எடுங்க, கை இருக்கிற இடத்துல புகைதான் இருக்கும்.

ஜூமுக்கும் இதே சிக்கல். ஐபோன் 15 ப்ரோ மேக்ஸ் தடிமன் 8.25 மி.மீ. அதன் 5 மடங்கு ஜூம் லென்ஸின் குவியத்தூரம் சுமார் 15.7 மி.மீ. நேரா வைக்க இடமில்லாததால, கண்ணாடிப் பட்டகத்துக்குள்ள ஒளியை நாலு தடவை திருப்பி மடிச்சு வெச்சிருக்காங்க. பிரமாதமான பொறியியல்! ஆனா மடிப்பது தூரத்தை. வெளிச்சம் புகும் வாசலை மடிக்க முடியாது. அது சுமார் 5.6 மி.மீ. விட்டம்தான்.

வெளிச்சம் பத்தாத இடத்தை மென்பொருள் கற்பனையால நிரப்பத் தொடங்கும்போதுதான் எனக்கு நெருடுது. 2023 மார்ச்சில் ரெடிட்டில் ஒருவர் நிலாப் படத்தை வேணும்னே மங்கலாக்கி, திரையில வெச்சு, இருட்டு அறையில சாம்சங் ஃபோனால் தூரத்திலிருந்து எடுத்தார். மங்கலாக்கப்பட்ட படத்துல இல்லாத பள்ளங்கள், ஃபோன் தந்த படத்துல தெளிவா இருந்தது! நிலாவை அடையாளம் கண்டு, செயற்கை நுண்ணறிவால் நுணுக்கம் கூட்டுவதாக நிறுவனமே விளக்கியது.

நிலாவுக்கு ஓகே, யாருக்கும் நஷ்டமில்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு? இழுவிசைச் சோதனையில உடைஞ்ச துண்டின் விரிசல், மல்டிமீட்டர் காட்டின எண்... இதையெல்லாம் ஃபோன்லதானே எடுக்கிறோம்? 2013ல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் க்ரீசல், சில ஜெராக்ஸ் ஸ்கேனர்கள் கட்டட வரைபடத்தின் எண்களையே மாத்தி அச்சிடுவதைக் கண்டுபிடிச்சார். கோப்பின் அளவைக் குறைக்க, ஒரே மாதிரி தெரியும் துண்டுகளை ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு போட்டதால 6 இருந்த இடத்துல 8 வந்தது. மங்கலான எண்ணை நாம சந்தேகிப்போம். தெளிவா இருக்கும் தப்பான எண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டாங்க. அதனால அளவீட்டுப் படத்துக்கு ஜூம் வேண்டாம், ஏஐ வேண்டாம்; கிட்டப் போய், விளக்கு போட்டு எடுங்க. சிப்காட் பக்கம் இன்டர்ன்ஷிப் போனவங்க தரச் சோதனைக் கேமராவைப் பார்த்திருப்பீங்க. தூரத்தை நிலையா வெச்சு, சுத்தி விளக்கு போட்டிருப்பாங்க. ஆலைக்காரங்க காசு போடுறது விளக்குக்கும் லென்ஸுக்கும்.

இனி சத்தம். அதே சத்த அளவை ஒரு மடங்கு கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில் தர, ஸ்பீக்கர் நாலு மடங்கு காற்றைத் தள்ளணும். 400 ஹெர்ட்ஸில் தள்ளுவதைப் போல 64 மடங்கு தள்ளினாத்தான் 50 ஹெர்ட்ஸில் அதே அழுத்தம் வரும். ஃபோன் ஸ்பீக்கரின் சவ்வு ஒரு மில்லிமீட்டர்கூட ஆடாது. உறுமியின் கும்காரம் அதுக்குள்ள எப்படி வரும்? மேல் ஸ்வரங்களைக் கேட்டு, அடி ஸ்வரத்தை நம்ம மூளையே நிரப்பிக்குது. இயர்போன்ல பேஸ் வருதேன்னா, காதை அடைச்சுக்கிட்டு அந்தச் சின்னக் காற்றை மட்டும் அழுத்தினா போதும், அவ்வளவுதான்.

பிளேஸ்மென்ட் சீசன் வருது, இதைக் கவனிங்க. வழக்கமான ப்ளூடூத் இயர்பட்ல மைக் ஆன் ஆனதும் தொடர்பு அழைப்பு முறைக்கு மாறிடும். குரலின் மாதிரி வேகம் நொடிக்கு 8,000 அல்லது 16,000க்கு இறங்கிடும். 8,000 என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல எதுவும் போகாது. 'ஸ', 'ஃப' ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கு. ஆயிரக்கணக்குல கொடுத்து வாங்கின இயர்பட்டை விட, சாதாரண வயர் இயர்போன் உங்க பேச்சைத் தெளிவா கொண்டுபோகும்.

செமினார் பதிவு செய்யணுமா? திறந்த வெளியில தூரம் இரட்டிப்பானா சத்தம் 6 டெசிபல் குறையும். கடைசி பெஞ்சுல இருக்கும் விலை உயர்ந்த ஃபோனை விட, பேசுறவர் மேஜையில வெச்ச பழைய ஃபோன் நல்லா பதியும்.

நல்ல ஃபோன் வாங்காதீங்கன்னு நான் சொல்லல. வேகம், பேட்டரி, அப்டேட் பார்த்து வாங்குங்க. கேமரா எண்ணுக்காக மட்டும் கூடுதலா பத்தாயிரம் கேட்டா, அதுல ஒரு சின்னப் பங்குக்கே ஒரு எல்இடி விளக்கு, ஒரு ட்ரைபாட், ஒரு வயர் காலர் மைக் வாங்கிடலாம். ஒரு வகுப்பே பங்கு போட்டா தலைக்கு டீக்காசுதான் ஆகும்.

நம்பிக்கை வரலையா? அடுத்த பௌர்ணமிக்கு மங்கலான நிலாப் படம் ஒண்ணை லேப்டாப்ல போட்டு, ஹாஸ்டல் ரூம் லைட்டை அணைச்சுட்டு, உங்க ஃபோனை முழு ஜூம்ல நீட்டுங்க. அப்படியே மாடிக்குப் போய் நிஜ நிலாவையும் எடுங்க. ரெண்டு படத்தையும் நம்ம இதழுக்கு அனுப்புங்க, அடுத்த மாசம் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பார்ப்போம்.